9 பேர், 600 கிலோமீட்டர்: ஜாம்பிகளுக்கு நடுவே நாட்டைக் கடக்கும் திட்டம்

கேள்வி இதுதான். நகரம் ஜாம்பிகளிடம் விழுந்துவிட்டது. உங்கள் குழுவில் 9 பேர், அதில் 7 வயதுக் குழந்தை ஒன்று, முழங்கால் வலியோடு 68 வயது அம்மா ஒருவர். ஆள் நடமாட்டம் குறைந்த மலைப்பகுதிக்குப் போக வேண்டும், தூரம் 600 கிலோமீட்டர். எந்த வழியில் போவது, எந்த வண்டியில் போவது, என்ன ஆயுதம் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் வேறு சில கணக்குகளைப் போட்டே ஆக வேண்டும். நான் பல வருடங்களாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களைப் பல நாள் நடைக்குக் கூட்டிப் போகிறவன். பெரிய ஆபத்து என்று பயந்தது எதுவும் அந்தக் குழுக்களை நிறுத்தியதில்லை. தண்ணீர், வயிற்றுப்போக்கு, கால் கொப்புளம், யார் முடிவெடுப்பது என்ற சண்டை, இவைதான் ஒவ்வொரு முறையும் நிறுத்தின. ஜாம்பிகள் இருந்தாலும் இது மாறாது, தவறுக்கான விலை மட்டும் கூடும்.

முதலில் எந்த மாதிரி ஜாம்பி என்று முடிவு செய்துகொள்வோம். மெதுவாக நடக்கும், சத்தம் கேட்டால் வரும், கடித்தால் தொற்றும், களைக்காது. இந்தக் கடைசிக் குணம்தான் திட்டத்தையே தீர்மானிக்கிறது. மணிக்கு 3 கிலோமீட்டர்தான் நடக்கிறது என்றாலும் தூங்காமல் நடந்தால் ஒரு நாளில் 72 கிலோமீட்டர். குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் உள்ள குழு சுமையோடு ஒரு நாளில் 15 கிலோமீட்டர் போனால் அது நல்ல நாள். ஆக ஓடி முந்திவிடலாம் என்ற எண்ணம் முதல் இரவிலேயே முடிந்துவிடும். அதன் காதிலிருந்து மறைந்துபோவதுதான் தப்பிக்கிற வழி. பாதையும் சமையலும் ஆயுதமும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, எப்போது கிளம்புவது? ஒன்று, செய்தி வந்த முதல் அரை நாளுக்குள், சாலை காலியாக இருக்கும்போதே. இல்லையென்றால் இரண்டு மூன்று வாரம் கதவை அடைத்துக்கொண்டு, கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு. நடுவில் கிளம்புவது போல மோசமான முடிவு கிடையாது. 2005 செப்டம்பரில் ரீட்டா புயலுக்குப் பயந்து அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரைப் பகுதியிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். மணிக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டிகளில் எரிபொருள் தீர்ந்தது, முதியோர்களை ஏற்றிப்போன ஒரு பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்த மாநிலத்தில் இறந்த நூற்றுச்சொச்சம் பேரில் பெரும்பாலோரைக் கொன்றது புயல் அல்ல, வெளியேறும் பயணம். இதில் வண்டிக்கு வண்டி ஜாம்பி தட்டுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் 1942. பர்மாவில் ஜப்பானியப் படை முன்னேறியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். ஆரம்பத்தில் கிளம்பியவர்களுக்குக் கப்பல் இருந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்த பிறகு மலைப்பாதை மட்டும். மே மாதம் மிட்சினா விமானத் தளமும் போன பிறகு வடக்கே மாட்டிக்கொண்டவர்கள் மழைக்காலத்தில் ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக நடக்க வேண்டியதாயிற்று. சேறு, பெருக்கெடுத்த ஆறுகள், மலேரியா, வயிற்றுக்கடுப்பு. அந்தப் பாதைகளில் ஆயிரமாயிரமாய்ச் செத்தவர்களில் பெரும்பாலோர் எதிரியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதனால் நாள் குறிக்கும்போது ஜாம்பிக் கூட்டம் எங்கே என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அடுத்த 2 மாதத்தில் அந்த வழியில் மழை எப்போது, குளிர் எப்போது என்றும் பாருங்கள். 600 கிலோமீட்டரை 15 ஆல் வகுத்தால் 40 நடை நாட்கள், 5 நாளுக்கு ஒரு ஓய்வு என்றால் 48, காய்ச்சல், வெள்ளம், சுற்றிப்போவது எல்லாம் சேர்த்தால் 2 மாதத்துக்குமேல்.

மலைக்குப் போகலாம் என்று நினைத்தது சரியான யோசனைதான். 2015ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கா முழுவதையும் கணினியில் வைத்து ஜாம்பித் தொற்றை ஓட விட்டுப் பார்த்தார்கள். பெரிய நகரங்கள் வேகமாக விழுந்தன, ஆள் நெருக்கம் குறைந்த ராக்கி மலைத்தொடரின் வடபகுதியை எட்டத் தொற்றுக்கு மாதக்கணக்கில் பிடித்தது. அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவில் இருக்கும் இடங்கள் கொஞ்சம் தாமதமாக, ஆனால் இரு பக்கத்திலிருந்தும் அடி வாங்குகின்றன. வரைபடத்தில் அப்படி ஏதாவது இடைவெளி வழியாகப் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது சுமைக் கணக்கு. இதைப் போடாமல் கிளம்பிய குழு நான்காம் நாள் பாதிச் சாமானை வழியில் போட்டுவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் வைத்தால் 9 பேருக்கு 27 லிட்டர், அதாவது 27 கிலோ. உலர்ந்த உணவு ஆளுக்கு 600 கிராம் என்றால் நாளுக்கு 5.4 கிலோ. சுமக்கக்கூடியவர்கள் 7 பேர், ஆளுக்கு 15 கிலோ, மொத்தம் 105 கிலோ. அதில் ஒரு நாள் தண்ணீர் 27, படுக்கை, துணி, பாத்திரம், மருந்து எல்லாம் ஆளுக்கு 4 கிலோ வீதம் 36. மிச்சம் 42 கிலோ, 8 நாள் சாப்பாடு கூட இல்லை. 40 நாள் நடைக்கு 8 நாள் சாப்பாடு. வழியில் கிடைப்பதைத் தேடிக்கொள்ளலாம் என்பீர்கள். தேடுவது என்றால் வீடுகளுக்குள் நுழைவது, கடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அதனால் சைக்கிள். ஓட்ட அல்ல, தள்ள. 1954ல் வியட்நாமில் தியன் பியன் பூ போரில், பிரெஞ்சுப் படையை எதிர்த்த வியட்மின் படை மலைக்காடுகள் வழியாக ஏராளமான சரக்கைத் தள்ளிப்போன சைக்கிள்களில் கொண்டுபோனது. கைப்பிடியில் ஒரு மூங்கிலை நீட்டிக் கட்டி, பக்கவாட்டில் நடந்தபடி ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல்கூட நகர்த்தினார்கள். நீங்கள் அவ்வளவு ஏற்ற வேண்டாம், 60 கிலோ போதும். 3 சைக்கிள் இருந்தால் 180 கிலோ, சாப்பாட்டுக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்தது. நான்காவது சைக்கிள் காலியாக வரட்டும், அதில் அம்மாவோ குழந்தையோ உட்கார ஒருவர் தள்ளிப்போகலாம். சத்தம் கிடையாது, எரிபொருள் வேண்டாம், ஆற்றங்கரையில் தோளில் தூக்கலாம். பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் மறக்காதீர்கள். செயினுக்கு எண்ணெயும் வேண்டும், கிறீச்சென்று கத்தும் செயின் தூரத்திலிருந்தே உங்களைக் காட்டிக் கொடுக்கும்.

கார் வேண்டாமா? முதல் நாளே கிளம்புவதாக இருந்தால் எடுங்கள், நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் சாமானை டிக்கியில் உதிரியாகக் கொட்டாமல், இறங்கினால் அப்படியே தோளில் மாட்டி நடக்கிற மாதிரி பைகளில் கட்டி வையுங்கள். முதல் அடைப்பில் வண்டியை விட 2 நிமிடம்தான் கிடைக்கும். மூன்று நான்கு மாதம் கழித்து யாராவது பெட்ரோல் கண்டுபிடித்தேன் என்று வந்தாலும் பெரிதாக நம்ப வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் 3 மாதத்திலேயே கெட ஆரம்பிக்கும், டீசல் கொஞ்சம் கூடத் தாங்கும்.

பாதையை வரைபடத்தில் கோடாகப் போடாதீர்கள். தண்ணீர் இருக்கும் புள்ளிகளை முதலில் குறியுங்கள், ஒரு நாள் நடைக்குள் அடுத்த தண்ணீர் இருக்கும்படி அந்தப் புள்ளிகளைச் சேருங்கள், கிடைக்கும் சங்கிலிதான் உங்கள் பாதை. 600 கிலோமீட்டர் 680 ஆனாலும் பரவாயில்லை. புள்ளிகளுக்கு நடுவே நடக்க ரயில் பாதையும் உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே வெட்டித் துப்புரவாக வைத்திருக்கும் பட்டையும் நல்லவை. ரயில் பாதையில் ஏற்றம் மிகக் குறைவு, அம்மாவின் முழங்காலுக்கு அதைவிட நல்லது கிடையாது, தண்டவாளத்துக்கு நடுவில் நடக்காமல் பக்கத்துப் பாதையில் நடக்க வேண்டும். ஆனால் சுரங்கமும் நீண்ட பாலமும் வந்தால் ஏறிச் சுற்றிப் போய்விடுங்கள், இரண்டு பக்கமும் அடைபட்டால் வேறு வழி இல்லாத இடங்கள் அவை. மருத்துவமனை, பேருந்து நிலையம், மக்களைக் குவித்து வைத்த முகாம், இந்த மூன்றையும் 5 கிலோமீட்டர் தள்ளியே கடக்கலாம். அணு மின் நிலையத்தை இன்னும் தள்ளி. மின்சாரம் போய்விட்டால் அதன் எரிபொருளைக் குளிர்விப்பது டீசல் ஜெனரேட்டர்கள், அதைப் பார்க்க ஆள் இருக்காது. 2011ல் ஃபுகுஷிமாவில் 20 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தைக் காலி செய்தார்கள், அதுவும் உள்ளே ஆட்கள் இருந்து போராடியபோது.

குறுக்கு வழி பற்றி ஒரு வார்த்தை. 1846ல் அமெரிக்காவில் டானர் குழு என்று ஒரு கூட்டம், மாட்டு வண்டிகளில் 87 பேர், கலிபோர்னியாவுக்குப் போனது. வழக்கமான பாதையை விட்டுவிட்டு, யாரோ புதிதாகச் சொன்ன குறுக்கு வழியில் இறங்கினார்கள். மலையில் மரம் வெட்டிப் பாதை போட்டே வாரக்கணக்கு போனது, அப்புறம் உப்புப் பாலைவனத்தில் மாடுகள் போயின, கடைசி மலைத்தொடரை எட்டியபோது பனி விழுந்து அடைத்துவிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. ஏற்கெனவே மனிதர்கள் நடந்து தேய்த்த வழி தெரிந்திருந்தால் அதிலேயே போங்கள். காகித வரைபடம் 2 பிரதி, வெவ்வேறு ஆட்களிடம். கூடவே ஒரு காந்தத் திசைகாட்டி, செல்பேசியை நம்பி யாரும் நடக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு போக முடியும் என்பதற்கு 1892ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் சரியாக இருக்கிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட. உங்கள் குழுவுக்கு வரும் விடையோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 4 மணி நேரம், பாதி சேர்த்தால் 6, நின்று குடித்து உட்கார்ந்தால் 8. பகல் தீர்ந்துவிட்டது. நடக்கும் வரிசையில் வழி பார்ப்பவர் முதலில், அவருக்கு நேர் பின்னால் அம்மா. மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விடுவது எல்லாக் குழுவும் செய்யும் தவறு. முன்னால் போனவர்கள் நின்று ஓய்வெடுத்து, அவர் வந்து சேர்ந்த நிமிடமே கிளம்புவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. இரண்டாவதாக நடந்தால் வேகத்தை அவர் தீர்மானிப்பார், யாரும் பிரிய மாட்டார்கள். கடைசியில் நல்ல திடமான ஒருவர், அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

காலில் சூடு தெரிந்த உடனேயே நின்று ஒட்டுப் போட வேண்டும், கொப்புளமான பிறகல்ல. இதற்காகக் குழுவை நிறுத்த ஏழு வயதுக் குழந்தைக்குக்கூட உரிமை உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வயிறு. ஒருமுறை 11 பேர் கொண்ட குழுவோடு போனபோது, கை கழுவத் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம் என்று நானே சொன்னேன். இரண்டே நாளில் 4 பேர் படுத்துவிட்டார்கள், அவர்களைத் தாங்க இன்னும் 4 பேர், அப்புறம் குழுவில் யார் மிச்சம்? அதற்குப் பிறகு சோப்பை நான் உணவோடு சேர்த்தே கணக்கில் எழுதுகிறேன். தண்ணீரை நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் விட்டால் போதும், 2000 மீட்டருக்கு மேலே இருந்தால் 3 நிமிடம். தீ மூட்ட முடியாத இடத்தில், வாசனை சேர்க்காத 5-6 சதவீத ப்ளீச் லிட்டருக்கு 2 துளி, அரை மணி நேரம் காத்திருந்து குடிக்கலாம், கலங்கல் என்றால் துணியில் வடிகட்டி 4 துளி. எதுவும் இல்லையா, தெளிந்த நீரை நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வையுங்கள். மலம் கழிப்பது நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடி. யாருக்காவது போக்கு ஆரம்பித்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சத்தத்துக்கு வருவோம். துப்பாக்கி வெடித்தால் 140 டெசிபலுக்கு மேல், திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால்தான் 6 டெசிபல் குறையும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும்போது சத்தம் இன்னும் தூரம் போகும். ஒன்றைக் கொல்லச் சுட்டு ஐம்பதைக் கூப்பிட்டுக்கொள்வது எந்தக் கணக்கில் சரி? உங்கள் ஆயுதக் கேள்விக்கு என் பதில் கோடாலி, ஆளுயரக் கம்பு, கடப்பாரை, அவ்வளவுதான், அதுவும் வழியை அடைத்தால் மட்டும். சமையலை மாலை 4 மணிக்கே முடித்துவிட்டு, அங்கிருந்து 2 கிலோமீட்டர் நடந்து, தீயே மூட்டாமல் வேறு இடத்தில் படுங்கள். சமைத்த இடத்தின் புகைக்கும் பேச்சுக்கும் எது வந்தாலும் அங்கே ஆள் இருக்காது. அடுப்புக்கு இரண்டு குழி தோண்டி அடியில் இணைத்து, ஒன்றில் தீ, மற்றதில் காற்று என்று வைத்தால் புகையும் குறையும், வெளிச்சமும் வெளியே தெரியாது.

இரவுக் காவலுக்குக் குழந்தையைத் தவிர 8 பேர் இருக்கிறீர்கள். 10 மணி நேர இரவை இரண்டரை மணி நேரமாக நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருவர். எல்லோருக்கும் ஒரே ஒரு முறை, எல்லோருக்கும் ஏழரை மணி நேரத் தூக்கம். நான்கு பேராக இருந்திருந்தால் இது நடக்காது, அதனால்தான் உங்கள் எண்ணிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. தூக்கத்தைத் தியாகம் செய்கிறேன் என்று யாராவது வீரம் பேசினால் விடாதீர்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானம்தான் என்று 1997லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். விடியலுக்கு முந்தைய காவலை இருப்பதிலேயே திடமான இருவருக்கும், முதல் காவலை அம்மாவுக்கும் கொடுங்கள்.

இனி கடினமான பகுதி. யாராவது கடிபட்டால் என்ன, புதிதாக ஒருவர் சேர வந்தால் என்ன, குழு பிரிந்துவிட்டால் என்ன, இந்த மூன்றையும் கிளம்பும் முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். சம்பவம் நடந்த பிறகு யாராலும் நிதானமாகப் பேச முடியாது. கடிபட்டவர் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், சொன்னால் உடனே கொன்றுவிட மாட்டார்கள் என்ற உறுதி அவருக்கு வேண்டும். காயத்தைச் சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவுவது, கைகளைக் கட்டி ஒருவர் துணைக்கு உட்காருவது, முடிவு வரும்வரை தண்ணீர் கொடுப்பது. இதை வாக்குறுதியாகவே கொடுங்கள். புதியவர்களுக்கு, 1377ல் இன்றைய துப்ரோவ்னிக் நகரம் செய்ததன் சிறிய வடிவம் போதும். கொள்ளை நோய்ப் பகுதியிலிருந்து வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தினார்கள் அங்கே. நீங்கள் 2 நாள், 100 மீட்டர் முன்னால், கண் பார்வையில் நடக்க வையுங்கள், சாப்பாடு கொடுங்கள். பிரிந்துவிட்டால் கூடும் இடத்தைத் தினமும் காலையில் சொல்ல வேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்பதும் சேர்த்து. கையடக்க வாக்கிடாக்கி காட்டில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எட்டாது.

அம்மாவை விட்டுவிட்டுப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குழுவில் யாரோ ஒருவர் இருபதாம் நாள் கேட்பார். 1915ல் துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் அண்டார்டிக் பனியில் நசுங்கியபோது 28 பேர் பனிமேல் நின்றார்கள். ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தச் சாமான்தான் என்று உத்தரவு போட்டுத் தன் தங்க நாணயங்களை முதலில் அவரே எறிந்தார், ஆனால் ஒருவரின் பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார், மனத்துக்கு மருந்து அது என்று. படகுகளை இழுத்து நடந்து பார்த்தார்கள், சில கிலோமீட்டருக்கு மேல் நகரவில்லை என்றதும் திட்டத்தை விட்டுவிட்டு மாதக்கணக்கில் முகாமில் காத்திருந்தார். கடைசியில் 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். சுமையைக் குறைத்தார், வேகத்தைக் குறைத்தார், ஆளைக் குறைக்கவில்லை. உங்கள் பயணத்தில் இருபதாம் நாள் நேரம் போதாது என்று தோன்றினால் குறைக்க வேண்டியது தினசரித் தூரம்தான். அதற்கு இடம் வேண்டும் என்றுதான் கணக்கில் 15 கிலோமீட்டருக்கு மேல் போடவில்லை. குழந்தை ஒரு பொம்மையைக் கொண்டுவரட்டும், அது எத்தனை கிராம் இருந்தாலும்.

தலைவர் ஒருவர்தான், நடக்கும்போது அவர் சொல்வதே முடிவு, ஓய்வு நாளில் மாற்றலாம். மருந்து, உணவுக் கணக்கு, சைக்கிள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள், ஒவ்வொருவரின் வேலையையும் இன்னொருவர் கற்றிருக்க வேண்டும்.

கிளம்பும் முன்னால் ஓர் ஒத்திகை போடுங்கள். அடைந்து கிடக்கும் அந்த மூன்று வாரத்தில், முழுச் சுமையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள், சைக்கிளில் கட்டிப் பாருங்கள், இருட்டில் பையிலிருந்து விளக்கை எடுத்துப் பாருங்கள். எது தேவையில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். முதல் 3 நாள் 8 கிலோமீட்டர் மட்டும் நடங்கள், உடம்பு பழகட்டும்.

மலைப்பகுதியை எட்டிய அன்றே உள்ளே போகாதீர்கள். எதிர் மேட்டில் 2 நாள் படுத்துப் பாருங்கள்: காலையில் புகை எழுகிறதா, இரவில் வெளிச்சம் உண்டா, நாய் குரைக்கிறதா, தண்ணீர் எடுக்க யார் வருகிறார்கள். ஏற்கெனவே மனிதர்கள் இருந்தால் இருவர் மட்டும், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, பகலில் குரல் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த இடம் சரியில்லை என்றால் போக இரண்டாவது இடம் ஒன்று, 4 நாள் நடைக்குள், வரைபடத்தில் முன்பே குறித்திருக்க வேண்டும். அதற்காக முப்பதாம் நாளிலிருந்து 5 நாள் உணவைத் தனிப் பையில் கட்டி, அதை அம்மாவின் பொறுப்பில் விடுங்கள், அவர் கேட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்க மாட்டார்.